இரு வீட்டார் நம்பிக்கை

தாராவியில் தமிழ்க் குடும்பங்கள் நெருங்கி வாழும் சந்து ஒன்றில் மாலைப் பொழுதில் நடந்து செல்வதாக எண்ணிக்கொள்ளுங்கள். விளக்கு வைக்கும் நேரம். ஒரு வாசலில் நின்று ஒரு தாய் "இப்ராகிம்!" என்று மகனை அழைக்கிறாள். எதிர் வாசலில் மற்றொரு தாய் "ஆபிரகாம்!" என்று குரல் கொடுக்கிறாள். குழாயடியில் விளையாடிக்கொண்டிருந்த இரு சிறுவரும் பிரிய மனமின்றித் தத்தம் வீட்டுக்கு ஓடுகிறார்கள். இருவர் பெயரும் ஒரே முதுபெருந் தந்தையின் பெயர் என்பதை அவர்கள் அறியார். பெரியவர்களிலும் பலர் அதனை எண்ணிப் பார்ப்பதில்லை.

அந்தச் சந்தில் மேலும் சிறிது தூரம் சென்றால் இத்தகைய பெயர்கள் இன்னும் பல நம் செவியில் விழும். மூசா என்பவரும் மோசே என்பவரும் ஒரே பெயரினர். தாவூதும் தாவீதும் அப்படியே. சுலைமானும் சாலமோனும் அப்படியே. யூசுப் என்னும் பெயரே கத்தோலிக்கர் வீட்டில் சூசை என்று வழங்குகிறது. யஹ்யா என்பது அங்கே அருளப்பன் ஆகிறது. ஒரு வீட்டு மரியம் பீவியும் அடுத்த வீட்டு மரியம்மாளும் ஒரே அன்னையின் பெயரைத் தாங்கியவர்கள்.

ஆனால் ஒரு பெயரில் மட்டும் இந்த ஒற்றுமை சற்றே திரும்பி நிற்கிறது. முஸ்லிம் தந்தை தம் மகனுக்கு ஈசா என்று மகிழ்ச்சியோடு பெயரிடுவார். ஈசா என்பது இயேசுவின் பெயர். தமிழ்க் கிறிஸ்தவத் தந்தையோ பெரும்பாலும் இயேசு என்று மட்டும் பெயரிடுவதில்லை. ஏசுதாசன் என்றும், ஏசுவடியான் என்றும் பெயரிடுவார். அடியான் என்னும் பொருளுடைய 'அப்து' என்ற சொல் முஸ்லிம் பெயர்களிலும் உண்டு. அங்கே அது இறைவனின் திருநாமங்களோடு சேர்ந்து அப்துல்லா, அப்துல் காதர், அப்துல் ரகுமான் என வரும். ஒருவர் இயேசுவின் பெயரை மகனுக்கு இடுகிறார். மற்றவர் மகனை இயேசுவுக்கு அடியவன் ஆக்குகிறார். இரு சமயத்தாரும் கடவுளைப் பற்றியும் இறைதூதரைப் பற்றியும் கொண்டுள்ள கருத்து வேறுபாடு முழுவதும் இந்தப் பெயரிடும் வழக்கத்தில் அடங்கியிருக்கிறது. அதனை விளக்குவதே இன்றைய உரையின் நோக்கம்.

இவ்விரு வீட்டாரும் புதிதாகச் சந்தித்துக்கொண்டவர்கள் அல்லர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த முஸ்லிம்கள் தாராவியில் தோல் பதனிடும் தொழிலை வளர்த்தனர். அத்தொழிலை நாடித் தென்பாண்டி நாட்டு உழைப்பாளர் பலர் வந்தனர். அவர்களுள் இந்துக்களும் இருந்தனர், கிறிஸ்தவரும் இருந்தனர். பதனிடும் தொட்டிகள் பெரும்பாலும் தாராவியை விட்டு அகன்றுவிட்ட பின்பும் அந்த அயலுறவு அகலவில்லை.

தாராவியை ஒட்டிய மாகிமில் மக்தூம் அலி மாகிமி என்னும் பெரியாரின் தர்கா உள்ளது. அவர் 1372இல் பிறந்து 1431இல் மறைந்தவர்; திருக்குர்ஆனுக்கு அரபு மொழியில் விரிவுரை கண்ட பேரறிஞர். அதே மாகிமில் புனித மிக்கேல் ஆலயமும் இருக்கிறது. புதன்கிழமைதோறும் அங்கு நடைபெறும் நவநாள் வழிபாட்டுக்கு எல்லாச் சமயத்தாரும் திரளுகிறார்கள். மாட்டுங்காவிலிருந்தும் செம்பூரிலிருந்தும் இவ்விரண்டு இடங்களுக்கும் செல்லும் தமிழ் இந்துக்களை நான் கண்டிருக்கிறேன். "எல்லாம் ஒன்றுதான்" என்று அவர்கள் சொல்வதையும் கேட்டிருக்கிறேன்.

அது நல்லெண்ணத்தில் பிறந்த சொல். அதனைக் குறைகூற மாட்டேன். ஆயினும், தர்காவில் கைகளை ஏந்தி நிற்கும் முஸ்லிமும் ஆலயத்தில் முழந்தாளிட்டிருக்கும் கிறிஸ்தவரும் அச்சொல்லை முழுமையாக ஏற்பார்களா? ஏற்கமாட்டார்கள். தாம் உயிரினும் மேலாகப் போற்றும் ஒன்றை நாம் உற்றுக் கேளாமலேயே தலையசைத்துவிட்டோம் என்றே இருவரும் நினைப்பர். அயலாரை மதிப்பதென்பது அவர் சொல்வதை அவர் சொல்கின்றபடியே கேட்பதில் தொடங்குகிறது.

முதலில் இரு வீட்டாருக்கும் பொதுவானவற்றைக் காண்போம். அவை மிகப் பல. உலகைப் படைத்தவன் ஒருவனே என்று இருவரும் நம்புகின்றனர். அவன் அறம் உரைப்பவன், இரக்கமுள்ளவன், இறுதி நாளில் நியாயம் தீர்ப்பவன் என்பதும் இருவர்க்கும் உடன்பாடு. அவன் மனிதரை வழிநடத்த அவ்வக்காலத்தில் அடியார்களை அனுப்பினான் என்பதிலும் வேறுபாடில்லை.

இயேசுவைப் பற்றிய செய்திகளிலும் நாம் எதிர்பாராத ஒற்றுமை உண்டு. அவர் கன்னி மரியாளிடம் தந்தையின்றிப் பிறந்தார் என்று விவிலியம் உரைக்கிறது, திருக்குர்ஆனும் உரைக்கிறது. அவர் குருடர்க்குப் பார்வை அளித்தார், தொழுநோயாளரைக் குணப்படுத்தினார், இறந்தோரை எழுப்பினார் என்பதை இரு நூல்களும் கூறுகின்றன. இவை யாவும் இறைவனின் ஆணையால் நிகழ்ந்தன என்பதைத் திருக்குர்ஆன் வலியுறுத்துகிறது. மஸீஹ், அதாவது மெசியா, என்னும் சிறப்புப் பெயரையும் அது அவருக்குத் தருகிறது. உலக முடிவுக்கு முன் அவர் மீண்டும் வருவார் என்பது இரு சமயத்தாரும் பெரும்பான்மையாகக் கொண்டுள்ள நம்பிக்கை. திருக்குர்ஆனில் பெயர் சொல்லிக் குறிக்கப்படும் பெண் மரியம் ஒருவரே. அதன் 19ஆம் அத்தியாயம் அவர் பெயராலேயே வழங்குகிறது. இச்செய்தியை முதன்முறை கேட்கும் கிறிஸ்தவ அன்பர் பலர் வியப்படைகின்றனர்.

இனி வேறுபாட்டுக்கு வருவோம். இஸ்லாத்தின் உயிர்நாடி 'தௌஹீது' என்னும் ஏகத்துவக் கொள்கை. திருக்குர்ஆனின் 112ஆம் அத்தியாயம் நான்கே வசனங்களால் ஆனது. இறைவனின் ஒருமையையும், அவன் எவரையும் சாராதவன் என்பதையும், பெறுதலும் பிறத்தலும் அவனுக்கு இல்லை என்பதையும், அவனுக்கு ஒப்பார் எவரும் இலர் என்பதையும் அந்நான்கு வசனங்கள் நிலைநாட்டுகின்றன. படைத்தவன் வேறு, படைக்கப்பட்டவை வேறு. இடையே உள்ள எல்லையை அழித்துப் படைப்பில் எதனையாவது இறைவனுக்கு நிகராக்குவது 'ஷிர்க்' எனப்படும் இணைவைத்தல். அதனினும் பெரிய பாவம் இஸ்லாத்தில் இல்லை.

அங்ஙனமாயின் எல்லைக்கு அப்பாலுள்ள இறைவனின் திருவுளத்தை மனிதர் அறிவது எப்படி? நபிமார்கள் வாயிலாகவே அறிகின்றனர். நபி என்பவர் இறைச்செய்தியைப் பெற்று அறிவிப்பவர். ரசூல் என்பவர் தூதராக அனுப்பப்பட்டவர். ஆதம் முதலாக 25 நபிமார்களின் பெயர்கள் திருக்குர்ஆனில் வருகின்றன. மொத்தத்தில் 1,24,000 நபிமார்கள் வந்தனர் என்பது முஸ்லிம்களிடையே வழங்கும் மரபு. எல்லாச் சமுதாயத்தாருக்கும் தூதர் அனுப்பப்பட்டனர். அவ்வரிசையின் முத்திரையாக, இறுதித் தூதராக வந்தவர் முகம்மது நபி. ஈசா நபி அவருக்கு முன்வந்த பெருந்தூதர்களுள் ஒருவர். அவரை இறைவனின் வார்த்தை என்றும், இறைவனிடமிருந்து வந்த ஆவி என்றும் திருக்குர்ஆன் உயர்த்திக் கூறுகிறது. ஆயினும் அவர் இறைவனின் அடியாரே. இறைமகன் என்பதை இஸ்லாம் மறுக்கிறது. அவர் சிலுவையில் இறக்கவில்லை, இறைவன் அவரைத் தன்னிடம் உயர்த்திக்கொண்டான் என்பது முஸ்லிம்களின் பெருவழக்கான நம்பிக்கை.

இங்கே நாம் திருத்திக்கொள்ள வேண்டிய பிழை ஒன்று உண்டு. பழைய தமிழ் நூல்களில் முஸ்லிம்களை 'முகமதியர்' என்று எழுதினர். கிறிஸ்துவை வழிபடுவோர் கிறிஸ்தவர் ஆனதுபோல, முகம்மதை வழிபடுவோர் முகமதியர் என்று கருதினர் போலும். இது முஸ்லிம்களின் நெஞ்சைப் புண்படுத்தும் சொல். அவர்கள் முகம்மது நபியை வழிபடுவதில்லை. 632இல் நபிகள் நாயகம் மறைந்தபோது மக்கள் கலங்கி நின்றனர். அவருடைய உயிர்த்தோழர் அபூபக்கர் முன்வந்து, முகம்மதை வணங்கியவர் யாரேனும் இருந்தால் அவர் இறந்துவிட்டார் என்று அறியுமாறும், இறைவனை வணங்குவோர் அவன் என்றும் இறவாதவன் என்று தெளியுமாறும் கூறினார் என்பது வரலாறு. தாம் எவரினும் மிகுதியாக நேசித்த ஒருவரின் உடல் குளிருமுன்னே அவர் இதனைச் சொன்னார். ஏகத்துவத்தின் உறுதியை இதனினும் தெளிவாகக் காட்ட இயலாது.

கிறிஸ்தவரின் நம்பிக்கை மற்றொரு திசையிலிருந்து தொடங்குகிறது. அவர்களும் ஒரே கடவுளைத்தான் நம்புகின்றனர். மூன்று கடவுளரை வணங்குகிறார்கள் என்பது அவர்களைப் பற்றிய பெரும்பிழை. கடவுள் ஒருவரே; தந்தை, மகன், தூய ஆவி என்னும் மூன்று ஆட்களாய் அவர் இருக்கிறார் என்பது அவர்களின் திரித்துவக் கொள்கை. மூவொரு கடவுள் என்று இந்நாளில் தமிழில் அழகாகக் கூறுகின்றனர். மகன் என்னும் சொல்லை உடலுறவால் பிறந்த மகன் என்று பொருள்கொள்ளலாகாது. அப்பொருளைக் கிறிஸ்தவரும் வெறுத்து ஒதுக்குகின்றனர். ஒளியிலிருந்து ஒளி வருவதைப் போலத் தந்தையிடமிருந்து காலத்திற்கு முன்பே வந்தவர் மகன் என்பது அவர்கள் கருத்து. 325இல் நிசேயா நகரில் கூடிய பேரவை, மகன் தந்தையோடு ஒரே பொருளானவர் என்று வரையறுத்தது. 451இல் கால்சிதோனில் கூடிய பேரவை, இயேசு முழுமையாகக் கடவுளும் முழுமையாக மனிதரும் ஆவார் என்று உரைத்தது.

இறைவாக்கினரைப் பற்றிய கருத்தும் இங்கே வேறாகிறது. கிறிஸ்தவருக்கு ஏசாயா, எரேமியா போன்றோர் தீர்க்கதரிசிகள். இவ்விருவர் பெயரும் திருக்குர்ஆனில் இல்லை. தாவீது விவிலியத்தில் அரசர். பெரும்பாவம் ஒன்றைச் செய்து, அதனை உணர்ந்து அழுதவர். முஸ்லிம்களுக்கோ தாவூது நபி. நபிமார்களை அத்தகைய பாவங்களிலிருந்து இறைவன் காக்கிறான் என்பது அவர்கள் கொள்கை. ஆதலால் விவிலியத்தின் தாவீது கதையைக் கேட்கும் முஸ்லிம் அன்பர் திடுக்கிடுகிறார். ஒரு நபியை இழிவுபடுத்தி விட்டார்களே என்று வருந்துகிறார். கிறிஸ்தவருக்கு அக்கதையே ஆறுதல் தருகிறது. இவ்வளவு தவறியவரையும் கடவுள் கைவிடவில்லையே என்று அவர் எண்ணுகிறார். கதை ஒன்றே, கேட்கும் செவிகள் வேறு.

இயேசுவைத் தீர்க்கதரிசி என்று அழைப்பதில் கிறிஸ்தவருக்குத் தடையில்லை. நற்செய்தி நூல்களிலேயே மக்கள் அவரை அவ்வாறு அழைக்கின்றனர். ஆனால் அது போதாது என்பர் கிறிஸ்தவர். முன்னாளில் தூதர்கள் வாயிலாகப் பேசிய கடவுள் இறுதியில் மகனின் வடிவில் தாமே வந்தார். மனிதரின் துயரையும் சாவையும் தம்மேல் ஏற்றார். சிலுவையில் இறந்து உயிர்த்தெழுந்தார். இதுவே அவர்களின் நற்செய்தி. கடவுள் மனிதரானார் என்று கேட்கும்போது முஸ்லிம், இறைவனின் மாட்சி குறைந்துவிட்டதே என்று அஞ்சுகிறார். அதனை நீக்கிவிட்டால் கடவுளின் அன்பு குறைந்துவிடுமே என்று கிறிஸ்தவர் அஞ்சுகிறார். இரண்டு அச்சமும் இறைப்பற்றிலிருந்து பிறந்தவையே.

இவ்வேறுபாட்டை அறியப் பிறமொழி நூல்களைத் தேடிச் செல்ல வேண்டுவதில்லை. நம் தமிழிலேயே இரு பெருங்காப்பியங்கள் இருக்கின்றன. ஒன்று எட்டயபுரத்து உமறுப் புலவர் கீழக்கரை வள்ளல் சீதக்காதியின் தூண்டுதலால் பாடத் தொடங்கிய சீறாப்புராணம். மற்றொன்று இத்தாலியிலிருந்து வந்து தமிழ்க்கடலை நீந்திய வீரமாமுனிவர் 1726இல் நிறைவு செய்த தேம்பாவணி. எட்டயபுரத்துக்கு வெகு தொலைவில் இல்லாத காமநாயக்கன்பட்டியில் அம்முனிவர் சில காலம் பணியாற்றினார் என்பதும் இங்கே நினைக்கத் தக்கது. தாராவிக்கு மக்களை அனுப்பிய அதே தென்னாட்டு மண்ணோடு இவ்விரு புலவர்க்கும் உறவுண்டு.

இருவரும் தமிழ்க் காப்பிய நெறிப்படி நாட்டுவளமும் நகர்வளமும் பாடுகின்றனர். அரபு நாட்டிலும் யூத நாட்டிலும் நம் வயல்கள் விளைகின்றன. ஆயினும் காப்பியத்தின் உள்ளே அவரவர் நம்பிக்கை தெளிவாக நிற்கிறது. 5,027 பாடல்களைக் கொண்ட சீறாப்புராணத்தின் இரண்டாம் காண்டத்திற்கு நுபுவ்வத்துக் காண்டம் என்று பெயர். நுபுவ்வத்து என்பது நபித்துவம். ஹிரா மலைக் குகையில் தனித்திருந்த முகம்மதுவிடம் வானவர் ஜிபுரீல் வந்து இறைச்செய்தியை அளிப்பதும், அவர் நபிப் பட்டம் பெறுவதும் அக்காண்டத்தில் வருகின்றன. செய்தி மேலிருந்து வருகிறது. மனிதர் அதனை நடுக்கத்தோடு ஏற்கிறார். தேம்பாவணிக்குத் தலைவர் இயேசு அல்லர்; அவரை வளர்த்த சூசையப்பர். வீரமாமுனிவர் அவருக்கு வளன் என்று பெயரிட்டார். 3,615 பாடல்களைக் கொண்ட அக்காப்பியத்தில், தன் கையில் ஏந்திய குழந்தையையே வளன் இறைவனாகத் தொழுகிறான். அங்கே மேலிருந்து வந்தது செய்தியன்று; செய்தியை அனுப்பியவரே வந்துவிட்டார். குகையில் ஒரு மனிதரும், தொழுவத்தில் ஒரு குழந்தையும்: இவ்விரு காட்சிகளையும் மனத்தில் நிறுத்தினால் நெடிய தருக்க நூல்கள் சொல்வது விளங்கிவிடும்.

இந்துக்களாகிய நேயர்களுக்கு இங்கே ஓர் ஐயம் எழலாம். சீறாப்புராணத்திலும் நபியவதாரப் படலம் என்று ஒரு படலம் இருக்கிறதே, அவதாரக் கொள்கையை உமறுப் புலவர் ஏற்றுக்கொண்டாரா என்று கேட்கலாம். இல்லை. பெரியோர் பிறப்பை அவதாரம் என்று சிறப்பித்துக் கூறும் தமிழ் வழக்கையே அவர் கையாண்டார். கடவுள் இறங்கி வந்தார் என்னும் பொருள் அதில் இல்லை. கிறிஸ்தவரின் கொள்கையும் நாம் அறிந்த அவதாரத்தோடு முற்றும் ஒத்ததன்று. நம் அவதாரங்கள் யுகந்தோறும் நிகழ்வன. கடவுள் மனிதரானது ஒரே முறைதான், இனி மற்றொன்று இல்லை என்பது கிறிஸ்தவரின் துணிபு. ஆதலால் நபியை அவதாரம் என்பதும், இயேசுவை அவதாரங்களுள் ஒன்று என்பதும் நம் அளவுகோலால் அவர்கள் பொருளை அளப்பதாகும்.

ஒப்பிடுவதிலும் பலர் தவறுகின்றனர். இயேசுவுக்கு நேராக முகம்மது நபியையும், விவிலியத்திற்கு நேராகத் திருக்குர்ஆனையும் வைக்கின்றனர். சமய ஒப்பியல் அறிஞர் வேறு விதமாக ஒப்பிடச் சொல்கின்றனர். இறைவனின் வார்த்தை இஸ்லாத்தில் நூலாக இறங்கிற்று. கிறிஸ்தவத்தில் மனிதராக வந்தது. ஆகவே கிறிஸ்துவுக்கு நேராக நிற்பது திருக்குர்ஆனே. 325இல் மகன் படைக்கப்பட்டவரா, அல்லரா என்று கிறிஸ்தவப் பேரவை வாதிட்டது. ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின் பாக்தாதில் திருக்குர்ஆன் படைக்கப்பட்டதா, அன்றா என்று பெரும் பூசல் மூண்டது. படைக்கப்பட்டதே என்று ஒப்புக்கொள்ளுமாறு 833இல் கலீபா மாமூன் அறிஞர்களை வற்புறுத்தினார். அதனை மறுத்து இமாம் அகமது இப்னு ஹன்பல் சிறையும் கசையடியும் ஏற்றார். இறைவனின் வார்த்தை எத்தன்மையது என்ற ஒரே கேள்வி இரு வீட்டாரையும் வாட்டியிருக்கிறது.

இவ்வேறுபாட்டைப் பற்றி நம் நாட்டில் பெருவிவாதங்கள் நடந்ததுண்டு. 1854 ஏப்ரலில் ஆக்ராவில் மௌலானா ரஹ்மத்துல்லா கைரானவிக்கும் பிஃபாண்டர் பாதிரியாருக்கும் நிகழ்ந்த வாதம் புகழ் பெற்றது. பெருங்கூட்டம் கூடிற்று, இரு தரப்பாரும் தாமே வென்றதாகக் கருதிக் கலைந்தனர். வாதத்தில் வென்றவர் எவராயினும், அன்றிரவு எதிர்த்தரப்பாரின் நெஞ்சை அறிந்து வீடு திரும்பியவர் எத்தனை பேர் என்பதே என் கேள்வி.

அதற்கு ஓராயிரம் ஆண்டுகளுக்கும் முன்னரே வேறு வகையான உரையாடல் ஒன்று நிகழ்ந்தது. ஏறத்தாழ 781இல் பாக்தாதில் கலீபா மஹ்தி, கிழக்குத் திருச்சபையின் தலைவர் திமோத்தேயுவை அவைக்கு அழைத்து இரண்டு நாள் வினவினார். அது கேரளத்துத் தோமையார் கிறிஸ்தவரோடும் தொடர்புடைய திருச்சபை. முகம்மதைப் பற்றி நீர் என்ன கருதுகிறீர் என்று கலீபா நேராகவே கேட்டார். அவரை நபி என ஒப்புக்கொண்டால் தம் சமயத்தை விட்டவர் ஆவார். இகழ்ந்தால் அவையைப் புண்படுத்தியவர் ஆவார். முகம்மது நபிமார்களின் பாதையில் நடந்தார் என்று திமோத்தேயு விடையளித்தார். சிலைகளை விலக்கி ஒரே இறைவனிடம் மக்களைத் திருப்பியதைக் கருதி அவ்வாறு மதித்துக் கூறினார். ஆயினும் இயேசுவைப் பற்றிய தம் நம்பிக்கையில் ஓர் இழையையும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

அவர் சொன்ன உவமை ஒன்றும் உண்டு. நள்ளிரவில் ஓர் இருட்டு வீட்டில் விலையுயர்ந்த முத்து ஒன்று விழுந்துவிட்டது. வீட்டிலிருந்தோர் யாவரும் தரையைத் துழாவினர். ஒருவர் கையில் முத்து கிடைத்தது. மற்றவர்கள் கையில் கல்லும் கண்ணாடியும் கிடைத்தன. ஒவ்வொருவரும் முத்து தம்மிடமே இருப்பதாக மகிழ்ந்தனர். விடிந்து வெளிச்சம் வந்தபின்பே எவர் கையில் உள்ளது முத்து என்று தெரியும். முத்துத் தம்மிடமே உள்ளது என்பதில் திமோத்தேயுவுக்கு ஐயமில்லை, கலீபாவுக்கும் ஐயமில்லை. ஆனால் விடியும்வரை ஒரே வீட்டில் இருக்க வேண்டியவர்கள் தாம் என்பதை இருவரும் உணர்ந்திருந்தனர்.

அண்மைக் காலத்திலும் நல்ல முயற்சிகள் உண்டு. 1964இல் பம்பாயில் நற்கருணை மாநாடு கூடிற்று. அதற்கு வந்த போப்பாண்டவர் ஆறாம் பவுல் இந்நகரிலேயே பிற சமயத் தலைவர்களையும் சந்தித்துப் பேசினார். அடுத்த ஆண்டு, 1965 அக்டோபர் 28இல், வத்திக்கான் பேரவை வெளியிட்ட அறிக்கை முஸ்லிம்களை மதிப்போடு குறிப்பிட்டது. அவர்கள் ஒரே கடவுளை வணங்குவதையும், இயேசுவைக் கடவுளென ஏற்காவிடினும் நபியெனப் போற்றுவதையும், மரியன்னையைச் சிறப்பிப்பதையும் அது எடுத்துச் சொல்லிற்று. 2007 அக்டோபரில் முஸ்லிம் அறிஞர் 138 பேர் கிறிஸ்தவத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல் எழுதினர். இறைவனை நேசித்தல், அயலாரை நேசித்தல் என்னும் இரண்டு கட்டளைகளும் இரு சமயத்திற்கும் பொது என்பது அம்மடலின் சாரம்.

எனினும் ஒரு வருத்தத்தை மறைக்கலாகாது. 1965ஆம் ஆண்டு அறிக்கை முகம்மது நபியின் பெயரைக் குறிப்பிடவில்லை. முஸ்லிம் அன்பர் இயேசுவை நபியென வாழ்த்துகிறார். கிறிஸ்தவ அன்பர் முகம்மதை நபியென ஏற்பதில்லை. நாங்கள் உங்கள் பெரியவரை மதிக்கிறோமே, நீங்கள் ஏன் எங்கள் பெரியவரை மதிக்கவில்லை என்று முஸ்லிம் நண்பர் மனம் வருந்திக் கேட்பதுண்டு. நீங்கள் மதிக்கும் ஈசாவிடம் சிலுவை இல்லையே, எங்கள் உயிர் அதில்தானே இருக்கிறது என்று கிறிஸ்தவ நண்பர் வருந்துவதும் உண்டு. இரண்டு வருத்தமும் உண்மை. இவற்றை இனிய சொற்களால் மூடிவிடுவதைவிட, ஒருவர் வருத்தத்தை மற்றவர் அறிந்திருப்பதே நட்புக்கு வலிவு.

இது ஏட்டுப் படிப்பு மட்டுமன்று என்பதை மும்பையில் வாழும் நமக்கு எவரும் சொல்ல வேண்டுவதில்லை. 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் இந்நகரில் நிகழ்ந்த கலவரங்களில் ஏறத்தாழ 900 பேர் உயிரிழந்தனர். தாராவியும் அத்தீயில் வெந்தது. அது கிறிஸ்தவ முஸ்லிம் பூசல் அன்று. ஆயினும் பல்லாண்டு அருகருகே வாழ்ந்தவர்கள் ஒருவரையொருவர் எவ்வளவு குறைவாக அறிந்திருந்தனர் என்பதை அது காட்டிற்று. அயலாரைப் பற்றிய அறியாமை அமைதிக் காலத்தில் தூங்குகிறது. வதந்தி வந்து எழுப்பினால் பகையாக எழுகிறது.

அதன்பின் தாராவியில் வகார் கான், பாவு கோர்டே என்னும் இரு நண்பர்கள் அமைதிக் குழுக்களில் முன்னின்று உழைத்தனர். நாம் அனைவரும் ஒன்று என்னும் பொருளுடைய இந்திச் சுவரொட்டிகள் தெருத்தோறும் ஒட்டப்பட்டன. அவர்கள் தொண்டை 'நாத்தா' என்ற ஆவணப்படம் 2003இல் பதிவு செய்தது. நாத்தா என்றால் உறவு. குடிமக்களாய் நாம் ஒன்று என்பதை அச்சுவரொட்டி சொன்னது; அது முழுதும் மெய். அந்த ஒற்றுமைக்கு நம்பிக்கைகளும் ஒன்றாக வேண்டிய தேவையில்லை. நம்பிக்கை வேறாக இருந்தும் உறவு நிற்கும் என்பதல்லவா அயலுறவின் பெருமை!

நம் மொழி இதற்கு ஒரு நல்ல சான்று தருகிறது. தாயுமானவர் பராபரக்கண்ணி பாடினார். பின்னாளில் இஸ்லாமிய ஞானி குணங்குடி மஸ்தான் சாகிபும் பராபரக்கண்ணி பாடினார். இடையில், 18ஆம் நூற்றாண்டில் விவிலியத்தைத் தமிழில் பெயர்த்த ஜெர்மானியப் பாதிரியார் பப்ரீசியுஸ் கடவுளைக் குறிக்கப் பராபரன் என்னும் சொல்லையே எடுத்தாண்டார். மூவரும் ஒரே சொல்லால் இறைவனை அழைத்தனர். மூவர் நெஞ்சிலும் இருந்த பொருள் ஒன்றாய் இருக்கவில்லை. தமிழ் அதற்காக எவரையும் விலக்கவில்லை. ஒரு சொல்லின் நிழலில் மூவருக்கும் இடம் தந்தது.

அன்பர்களே, இவ்வுரையின் முடிவாக உங்களிடம் எளிய வேண்டுகோள் ஒன்றை வைக்கிறேன். முஸ்லிம் நண்பரை முகமதியர் என்று சொல்லாதீர்கள். கிறிஸ்தவ நண்பரை மூன்று கடவுளை வணங்குபவர் என்று சொல்லாதீர்கள். இருவரிடமும் எல்லாம் ஒன்றுதான் என்று சொல்லி விரைந்து கடந்தும் போகாதீர்கள். உங்கள் நம்பிக்கை யாது என்று ஒருநாள் அமர்ந்து கேளுங்கள். அவர் சொல்லி முடித்தபின், அதனையே நீங்கள் திரும்பச் சொல்லிப் பாருங்கள். ஆம், நான் சொன்னது அதுவே என்று அவர் முகம் மலர்ந்தால், அன்று நீங்கள் அவர் வீட்டின் உள்ளே சென்றவர் ஆவீர்கள்.

நாளை மாலையும் அந்தச் சந்தில் இரு தாய்மார்கள் தம் மக்களை அழைப்பார்கள். இப்ராகிமும் ஆபிரகாமும் தத்தம் வீட்டுக்கு ஓடுவார்கள். நம் இருவர் பெயரும் ஏன் ஒன்றாக இருக்கிறது என்று அவர்களில் ஒருவன் என்றேனும் கேட்பான். பெயர் ஏன் ஒன்று என்பதோடு, வீடு ஏன் இரண்டு என்பதையும் பகையின்றி எடுத்துச் சொல்ல நாம் அறிந்திருக்க வேண்டும். அவ்வளவே நம் கடமை.